கிண்ணக்காவும் வெங்காய மூட்டையும்

எங்கள் மருத்துவமனையில் ஏமாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரே ஆள் கிண்ணக்காதான். இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஆமா, நீ ரொம்ப ஒழுங்கு! ஊசிய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, வலிக்கவே வலிக்காதுடா கண்ணுன்னு சொல்றியே, அதுக்குப் பேரு என்னவாம்?" என்று திருப்பிக் கேட்பார். குழந்தைகள் பிரிவில் நர்ஸாக இருப்பவளால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். கிண்ணக்காவிடம் மட்டும் அது பலிக்காது.

அவர் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டுக்குப் பிள்ளைகள் ஒரு பெயரைச் சுமந்துகொண்டு வருவார்கள்: பால் ஆகாத பிள்ளை, முட்டை ஆகாத பிள்ளை, வேர்க்கடலை ஆகாத பிள்ளை. சிலருக்கு நிஜமாகவே ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அம்மா அப்பா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். "வெறும் அலர்ஜிதானே" என்று சொல்பவர்களை இழுத்துவந்து ஒரு நாள் எங்கள் வார்டில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் வேறு சில பிள்ளைகளுக்கு, எப்போதோ வந்த அரிப்புக்கு எதன் மேலோ பழி விழுந்திருக்கும். ரத்தப் பரிசோதனை பல நேரம் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, மழுப்பும். கடைசியில் மிஞ்சுவது ஒரே வழிதான். எங்கள் கண் முன்னால் சாப்பிடவைத்துப் பார்ப்பது.

அதிலும் ஒரு சிக்கல். 'இதில் பால் இருக்கிறது' என்று தெரிந்துவிட்டால், பால் தொண்டையில் இறங்கும் முன்னே பயம் இறங்கிவிடும். பயத்துக்கும் அரிக்கும், பயத்துக்கும் வாந்தி வரும். அதனால் இரண்டு நாள், இரண்டு கிண்ணம். ஒன்றில் பால் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எந்த நாளில் எது என்று குழந்தைக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, ஊட்டும் எனக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் பெரிய டாக்டருக்கும் தெரியாது. மாடியில் இருக்கும் ஆய்வு அதிகாரி முடிவு செய்து, கிண்ணம் கலக்குவதாலேயே அந்தப் பெயர் வாங்கிய கிண்ணக்காவுக்கு மட்டும் சொல்லுவார். இரண்டு நாளும் முடிந்த பிறகுதான் எங்களுக்கு.

கிண்ணக்காவின் சமையலறை எங்கள் வார்டை ஒட்டியே இருந்தது. ஒரு அடுப்பு, ஒரு தராசு, ஒரு மிக்சி, ஒரு ஃப்ரீசர், ஒன்றோடொன்று ஒட்டாமல் எதிரெதிரே இரண்டு அலமாரி, கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். வாழைப்பழத்தை மசித்து, கொக்கோ கலந்து, அதற்குள் பால் பொடியை அவர் ஒளித்து வைப்பார். ஒளிக்காத கிண்ணத்தில் வறுத்த மாவு எதையோ சேர்த்து, அதே நிறம், அதே கனம், நாக்கில் அதே நறநறப்பு வரும்வரை விடமாட்டார். புதுக் கலவை எதுவானாலும் முதலில் எங்கள் வாயில்தான் விழும். நர்ஸுகள், துப்புரவுக்காரம்மா, லிஃப்ட்காரர் என்று வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்க்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு நாக்கு கொஞ்சம் அதிகம். அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் சட்டியோடு குப்பைக்குப் போகும். கிண்ணக்கா அன்றைக்கு முழுக்க அவரோடு பேசமாட்டார், படியில்தான் ஏறி இறங்குவார்.

இத்தனை கைப்பக்குவமும் மருத்துவமனையோடு சரி. வீட்டில் அவர் சமையல் வாயில் வைக்க விளங்காது என்று அவர் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தட்டில் எது விழுந்தாலும், "இன்னிக்கு எதுக்குள்ள எதை ஒளிச்சு வச்சிருக்கே? சொல்லிட்டுப் போடு" என்று கேட்டு வம்பிழுப்பாராம்.

ஆனால் எதையும் ஒளிக்கத் தெரிந்த அந்த மனுஷிக்கு முகத்தை ஒளிக்க மட்டும் வராது. மனசில் இருப்பது அப்படியே நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை யாருக்கும் சொல்லாதே என்று வீட்டில் சத்தியம் வாங்கினார்கள். மறுநாள் காலை அவர் வார்டுக்குள் நுழைந்ததுமே, "என்னக்கா, வீட்ல நல்ல சேதியா?" என்று நான் கேட்டுவிட்டேன், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆரம்பத்தில் கிண்ணத்தை அவரேதான் கொண்டுவந்து தருவார். வெறும் கிண்ணம் என்றால் பிள்ளைகளோடு சிரித்து விளையாடிவிட்டுப் போவார். நிஜக் கிண்ணம் என்றால் முந்தானையைக் கசக்கிக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பார். ஒரு அம்மா இதைக் கவனித்துவிட்டு, "இந்த அக்கா இன்னிக்கு சிரிக்கல, அப்போ இன்னிக்குத்தான் கடலை" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதுவரை செய்த சோதனைகளில் பாதி வீண். அப்புறம் சமையலறைச் சுவரை உடைத்து ஒரு சின்ன ஜன்னல் வைத்து, அதற்குத் தகரக் கதவு போட்டார்கள். சோதனை நாளில் கிண்ணம் அந்த வழியாக வரும், கதவு மூடிக்கொள்ளும். கிண்ணக்கா வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. பெரிய டாக்டர் ஆண் பெண் பாராமல் எல்லாரையும் திட்டுவார், கிண்ணக்காவை மட்டும் திட்டியதில்லை. "உங்க மேல தப்பில்லம்மா, உங்க முகம் அப்படி" என்றார்.

இந்த ஏற்பாட்டில்தான் மிளகு வந்து சேர்ந்தாள்.

மிளகு என்பது நான் வைத்த பெயர். உருவத்தில் அவ்வளவுதான், காரத்திலும் அப்படியே. மூன்று வயது தாண்டியும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவள் இதயத்தில் ஓட்டை. அதை அடைக்க அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆனால் இதய டாக்டர் தொட மறுத்தார். அவர் வார்த்தையை அளந்து பேசுபவர். "இந்த எடையில கத்தி வைக்க மாட்டேன். சதை பிடிக்கட்டும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். "எதைக் குடுத்து டாக்டர் சதை பிடிக்க வைக்கிறது?" என்று மிளகின் அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானது. கைக்குழந்தையாக இருக்கும்போதே பால் ஆகாது என்று எங்கேயோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பாலை நிறுத்தியவள், பால் கலந்த ரொட்டி, பிஸ்கட் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, பாக்கெட்டில் வந்த எதைப் பார்த்தாலும் பயந்து, கடைசியில் பிள்ளைக்குச் சோறும் வேகவைத்த இரண்டு மூன்று காயும்தான் மிச்சம். பாலுக்குப் பதிலாகக் கொடுத்த மாவைப் பிள்ளை துப்பியது. நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். துப்பியது சரிதான்.

சும்மா காத்திருக்கவும் வழியில்லை. ஓட்டை வழியாக ரத்தம் நுரையீரலுக்குள் வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் தள்ளிப்போனால் நுரையீரல் கெட்டு, அப்புறம் ஓட்டையை அடைத்தும் பிரயோசனம் இல்லை என்ற நிலைமை வந்துவிடும். பால் நிஜமாகவே ஆகாதா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். ஆனால் சோதனையில் அலர்ஜி கிளம்பினால் நாங்கள் போடும் ஊசி இதயத்தைத் தலைதெறிக்க ஓடவைக்கும். இந்த இதயம் அந்த ஓட்டத்தைத் தாங்குமா? இதய டாக்டர் தாங்காது என்றார். பெரிய டாக்டர், நீங்களும் பக்கத்தில் இருங்கள் என்றார். இதய நோயுள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி வீண் பெயரைச் சுமக்கிறார்கள் என்பதுதான் அவர் அப்போது செய்துகொண்டிருந்த ஆய்வு. இரண்டு பேரும் நடைபாதையில் நின்று மல்லுக்கட்டியதை வார்டே கேட்டது. கடைசியில் இதய டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு மிளகின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் பிள்ளையின் கையில் பதிந்திருந்த விதத்தைப் பார்த்து, "கொஞ்சம் தளர்த்திப் பிடிங்கம்மா" என்றேன். அவள் காதில் விழவில்லை. முதலில் ஒரு நக்கு. கொஞ்ச நேரம் பொறுத்து அரை ஸ்பூன். அப்புறம் ஒரு ஸ்பூன். ஒவ்வொரு தடவையும் மிளகு ஸ்பூனைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஸ்பூன் இறங்கியதுதான் தாமதம், பிள்ளை கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது. வீறிட்டாள். சாப்பிட்டது மொத்தமும் என் சீருடையில் வந்து விழுந்தது. இதயத் துடிப்பு காட்டும் கருவி அலறியது. என் கையில் ஊசி தயாராக இருந்தது.

பெரிய டாக்டர் ஒரு கையால் என்னைத் தடுத்து நிறுத்தி, மறுகையால் பிள்ளையின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். மூச்சு சுத்தமாக இருந்தது. உதடு வீங்கவில்லை. "பொறு" என்றார். பொறுத்தோம். அழுது களைத்து மிளகு தூங்கிப்போனாள். துடிப்பு மெல்ல இறங்கியது.

"போதும். எனக்கு இந்த சோதனையே வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் அம்மா. இதய டாக்டர், "ரெண்டாவது நாள் கிடையாது" என்றார். வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பால்தான், இதில் சந்தேகம் வேறு என்ன?

தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற கிண்ணக்காவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அன்றைக்குப் போனது வெறும் கிண்ணம்.

அவர் பட்ட பாட்டை எல்லாம் முடிந்த பிறகு அவரே என்னிடம் சொன்னார். முதலில் சந்தோஷப்படத்தான் தோன்றியதாம்: பால் இல்லாமலே இவ்வளவும் என்றால், பிள்ளைக்கு வந்தது பயம். அடுத்த நிமிடமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான் கிண்ணத்தை மாற்றி வைத்துவிட்டேனோ? மிக்சியை ஒழுங்காகக் கழுவினேனா? இந்த அலமாரி ஸ்பூன் அந்த அலமாரிக்குப் போய்விட்டதோ? இத்தனை வருஷத்தில் நடக்காதது இந்தப் பிள்ளை விஷயத்திலா நடக்க வேண்டும்? யாரிடமும் வாய் திறக்கவும் முடியாது. 'நேற்று பால் இல்லை' என்று ஒரு வார்த்தை வெளியே போனால் சோதனை அதோடு செத்தது. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "என்ன, முகம் இப்படித் தொங்குது?" என்று கேட்க, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாராம்.

மறுநாள் பெரிய டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். "டாக்டர், ரெண்டு நாளுக்கும் சேர்த்தே கலந்து வச்சுட்டேன், ரெண்டு கிண்ணத்தோட மிச்சமும் ஃப்ரீசர்ல இருக்கு. ரெண்டையும் லேபுக்கு அனுப்புங்க. நான் செஞ்சது செஞ்சபடி இருக்கா இல்லையான்னு மட்டும் மாடியில இருக்கற சார் சொல்லட்டும். ஏன்னு கேக்காதீங்க." டாக்டர் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் செய்தது செய்தபடியே இருக்கிறது என்று லேபிலிருந்து பதில் வந்தது. கிண்ணக்கா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனால் மிளகின் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போவதற்கு முன்னால் தகரக் கதவைத் தட்டினாள். நான் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பேசியது காதில் விழுந்தது.

"அக்கா, நீங்களும் புள்ள பெத்தவங்கதானே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு குடுத்தது பால்தானே?"

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன். எந்த அம்மா கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். ஆனா பாதியில விட்டுட்டுப் போகாதீங்கம்மா. போனா, புள்ள அன்னிக்குப் பட்ட கஷ்டம் அத்தனையும் வீண்."

"இன்னொரு தடவை அவ அப்படி அழறதை என்னால பாக்க முடியாதுக்கா."

"அப்போ பாக்காதீங்க" என்றார் கிண்ணக்கா.

அவர் எதையும் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது வந்துவிட்டது. ஆனால் பின்னால் நின்றிருந்த பெரிய டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "அவங்க சொல்றது சரி. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் உங்க பொண்ணு உங்க முகத்தைத்தான் பாக்கறா. ரெண்டாவது நாள் நீங்க அவ கண்ணுல படாம இருங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறேன்." அந்த அம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். தூரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம் போனில் பேசினாள். திரும்பி வந்து, "தூரமா எல்லாம் போக மாட்டேன். அவ அழுதா எனக்குக் கேக்கணும்" என்றாள். "பக்கத்து ரூம்லயே உக்காருங்க" என்றார் டாக்டர். இதய டாக்டரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டினார்.

படித்த டாக்டர்கள் இரண்டு பேர், வாய் நீளமுள்ள நர்ஸ் நான், எங்கள் யாருக்குமே பக்கத்து ரூம் எது என்று உறைக்கவில்லை. எல்லாருடைய புத்தியும் பிள்ளையிடம் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் துப்புரவுக்காரம்மா அவளைக் கூட்டிக்கொண்டுபோய், எந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கிண்ணக்கா அப்போதுதான் நிஜக் கிண்ணத்தை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டுத் திரும்பியிருந்தார். பார்த்தால் எதிரே அம்மா. எழுந்து போகச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால்? தானே வெளியே போகலாம். வெளியே போகும் வழி வார்டு வழியாகத்தான். அவசர அவசரமாகத் திரும்பி நின்று, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேலை இருக்கும்மா."

"திரும்புங்கக்கா. உங்க முகத்தைப் பாத்தா தெரிஞ்சுடும்னு வெளியில சொன்னாங்க."

எந்தப் புண்ணியவதி சொன்னாளோ! கிண்ணக்கா ஈரக் கையோடு போனை எடுத்துக் கீழ்த்தளத்துப் பெரிய சமையலறையைக் கூப்பிட்டார். "வெங்காயம் உரிக்கறதுக்கு இருக்கா? மேல அனுப்புங்க. எவ்வளவு இருந்தாலும் சரி, மூட்டையோட அனுப்புங்க." இப்படி ஒரு போன் அவர்கள் ஆயுசில் வந்ததில்லை. மனசு மாறிவிடப் போகிறதே என்று ஓட்டமாக ஓடிவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

"உரிங்க" என்று ஒரு கத்தியை அவளிடம் கொடுத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் கண்ணும் பொலபொலவென்று கொட்டியது. மூக்கு சிவந்தது, முகம் வீங்கியது. இனி எந்த அம்மா வந்து பார்த்தாலும் அந்த முகத்தில் ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாது. கிண்ணக்காவுக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்றும் கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே பால் போய்க்கொண்டிருந்தது, தாராளமாக அழுதுகொள்ளலாம்.

அந்த அம்மாவும் அழுதாள். அழ ஆரம்பித்ததும் வாயும் திறந்தது. "முதல் தடவை பாட்டில்ல பால் குடுத்தது நான்தான்க்கா. குடிக்கக் குடிக்க வேர்த்துக் கொட்டுச்சு. அப்புறம் உதடு நீலமாயிடுச்சு. உடம்பெல்லாம் திட்டுத் திட்டா… என் கையாலதான் குடுத்தேன். அதுக்கப்புறம் எதைக் குடுத்தாலும் இதுவும் அப்படி ஆயிடுமோன்னு கை நடுங்கும்."

"உரிங்கம்மா" என்றார் கிண்ணக்கா. வேறு என்ன சொன்னாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாராம்.

இந்தப் பக்கம் என் கதை வேறு. மிளகு ஸ்பூனைக் கண்டதும் அம்மாவைத் தேடினாள். அம்மா இல்லை. என்னைப் பார்த்தாள். என் முகம் எப்போதுமே கடுகடுவென்றுதான் இருக்கும். கட்டிக்கொண்டவரே அதில் ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். ஒரு நக்கு, அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன். அன்றைக்கு அழுத இடமும் தாண்டியது. இதய டாக்டர் மூச்சு விடாமல் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகு அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து, "இது எனக்கு" என்றாள். கிண்ணம் காலி. அதற்கப்புறமும் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தோம். அரிப்பு இல்லை, வாந்தி இல்லை, மூச்சில் மாற்றமில்லை. "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் மிளகு.

மாடியிலிருந்து போன் வந்தது. பெரிய டாக்டர் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "இன்னிக்குத்தான் பால். அன்னிக்கு வெறும் கிண்ணம்" என்றார். நான் கத்திய கத்தலில் மிளகு பயந்து அழப் பார்த்தாள். சமையலறைக்கு ஓடினேன். கதவைத் திறந்தால் இரண்டு பெண்கள் மூஞ்சி வீங்கி, மூக்கு ஒழுகி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். அலர்ஜி இவர்களுக்குத்தான் வந்துவிட்டதோ என்று ஒரு நொடி அரண்டுபோனேன்.

சொன்னேன். அந்த அம்மா துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியை மெல்லக் கீழே வைத்தாள். "அப்போ… இத்தனை வருஷமா நான்தான் அவளைப் பட்டினி போட்டேனா?" என்றாள்.

என் பின்னாலேயே வந்து நின்ற இதய டாக்டர்தான் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இதயத்துல ஓட்டை இருக்கற குழந்தைக்குப் பால் குடிக்கறதே பெரிய வேலைம்மா. வேர்க்கும், மூச்சு வாங்கும், சில நேரம் நீலமாகும், தோல் திட்டுத் திட்டாத் தெரியும். அன்னிக்கு அதைப் பண்ணினது இதயம். பழி பால் மேல விழுந்துடுச்சு. அப்போ ஓட்டை இருக்கறது யாருக்கும் தெரியாது. அன்னிக்கு உங்க இடத்துல நான் இருந்திருந்தாலும் பாலைத்தான் நிறுத்தியிருப்பேன்." அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கிண்ணக்கா வெங்காயக் கையோடு அவளை இழுத்து மார்போடு சாய்த்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து மிளகு பால் குடித்தாள். நான் கொடுத்தால் குடிப்பாள், துப்புரவுக்காரம்மா கொடுத்தால் குடிப்பாள், லிஃப்ட்காரர் கொடுத்தாலும் குடிப்பாள். அம்மா கொடுத்தால் மட்டும் கிடையாது. டம்ளரைத் தொட்டதும் அவள் கை நடுங்கும், முகம் வெளிறும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொள்ளும். அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, வேளாவேளைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டாள். பால் டம்ளர் வெளியே வந்ததும் இவள் எழுந்து கிண்ணக்காவின் அறைக்குப் போய்விடுவாள். அங்கே கத்தியும் வெங்காயமும் காத்திருக்கும். கீழ்ச் சமையலறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது. பிள்ளைக்குச் சதை பிடிப்பதைக் கிட்டே இருந்து ரசிக்க வேண்டியவள், சுவருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். "சரியாயிடுமா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஆகலேன்னா என்ன? உரிச்சுட்டுப் போறோம்" என்றார் கிண்ணக்கா.

மிளகின் கன்னத்தில் சதை விழுந்தது. சட்டை பிடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் எடை பார்த்துவிட்டு இதய டாக்டர், "இப்போ வைக்கலாம்" என்றார்.

அறுவை அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. வெறும் வயிறாக இருக்க வேண்டும். மிளகுக்கு இது எப்படிப் புரியும்? தள்ளுவண்டியில் போகும்போது வழி நெடுகக் கத்தினாள். "பால் வேணும்! எனக்குப் பால் வேணும்!" அறுவை அறை வாசலில் அவள் அப்பா, லாரியை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர், சுவரைப் பார்த்து நின்று தேம்பினார். "அப்புறம் தரேன் கண்ணு" என்று நான்தான் சொன்னேன். அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு வண்டியோடு கடைசிவரை நடந்தாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து அந்தக் கத்தல் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் மயக்க மருந்து வேலை செய்திருக்க வேண்டும், நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தை என்னாலேயே தாங்க முடியவில்லை.

ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இதய டாக்டர் வெளியே வந்து, "நல்லா இருக்கா" என்று இரண்டே வார்த்தை சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் சுவாசக் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், தங்கியது. இனிப் பால் கொடுக்கலாம் என்று சொன்னார்கள்.

நான் கிண்ணக்காவின் அறையில் இருந்தேன், டம்ளரை வாங்கிக்கொண்டு போக. அப்போது மிளகின் அம்மா உள்ளே வந்தாள். பால் நேரம்தானே என்று கிண்ணக்கா வழக்கம்போல் ஸ்டூலை நகர்த்தி, வெங்காயக் கூடையை அவள் பக்கம் தள்ளினார்.

"இல்லக்கா. உரிக்க வரல" என்றாள். "பாலைக் குடுங்க. நானே குடுக்கறேன்."

கிண்ணக்கா டம்ளரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பாலை ஊற்றும்போது பாதி மேடையில் கொட்டியது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தாள். சிந்திவிடுமோ என்று நான் பின்னாலேயே போனேன்.

மிளகு குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தாள். டம்ளரைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.